முதல் குவியலுக்கு முன்னால் ஒரு வாய்த் தண்ணீர்

என் அக்காவைப் பற்றி யாராவது "பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம், பாவம்! ஐம்பத்தாறு வயதில், காலை ஆறு மணிக்கு, இருநூறு வியாபாரிகளை ஒற்றைக் குரலில் கட்டிப்போடுகிறவள் பாவமா? அவளுக்கு ஆஸ்துமா உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கூடவே வாயும் உண்டு. அந்த வாயைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் மொத்தமாகக் கைமாறுகிற சந்தை எங்களுடையது. மேலே தகரக் கூரை, கீழே சிமென்ட் தரை, நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மேடை. லாரியிலிருந்து இறங்கும் சரக்கை மேடையைச் சுற்றிக் குவியல் குவியலாகக் கொட்டிவைப்பார்கள். மேடையில் நின்று ஒவ்வொரு குவியலாக ஏலம் கூறுவது அக்காவின் வேலை. ஏலம் போன சரக்கை மறுபடி மூட்டையாக்கிக் கோணி ஊசியால் வாயைத் தைப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அவள் மேலே, நான் கீழே. அவள் குரலுக்காகச் சந்தையில் எல்லோரும் அவளை 'வெண்கலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதன்முதலில் யார் வைத்த பெயரோ, இப்போது ரேஷன் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அந்த மேடை அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. அப்போது அவள் அங்கே வெங்காயச் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். ஏலம் கூறுகிற ஆள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டான். எட்டு லாரி நிற்கிறது, வெயில் ஏறுகிறது, ஆளாளுக்குக் கையைப் பிசைகிறார்கள். அக்கா துடைப்பத்தோடு மேடையில் ஏறினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, அதுவரைக்கும் சரக்கு அழுகட்டும்," என்றாள். பிறகு பதினோரு குவியலை ஒரே மூச்சில் விற்றுவிட்டு, இறங்கி வந்து மிச்சத்தைக் கூட்டினாள். கல்யாணத்துக்குப் போனவன் திரும்பி வந்தபோது அவனுக்கு அங்கே இடமில்லை.

மைக் வைத்துப் பார்க்காமல் இல்லை. தகரக் கூரையில் மோதி ஒரு சொல் நான்கு சொல்லாகக் கேட்டது. கிலோ முப்பது ரூபாயா நாற்பதா என்று தெரியாமல் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதோடு மைக்கைக் கழற்றி எறிந்தாயிற்று. ஆக, மேடையில் நிற்கிறவருக்கு மூலதனம் என்றால் அது நெஞ்சும் தொண்டையும்தான்.

சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏலம் கூறுகிறவர் காலையில் எழுந்ததிலிருந்து முதல் குவியல் போகும்வரை வாயில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் அன்றைய விலை கரைந்துபோகும் என்பார்கள். பல்லைக்கூட வெறும் பொடியால் தேய்த்துத் துண்டால் துடைத்துக்கொள்ள வேண்டும். அக்கா இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான் செய்தாள். முதல் குவியல் போனதும் நான் கீழேயிருந்து செம்பை நீட்டுவேன், அவள் மடமடவென்று குடிப்பாள். நானும் அதை நம்பினேன், பொய் சொல்லவில்லை.

மூச்சுத் தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. வெங்காயச் சருகும் சாக்குத் தூசியும் பறக்கிற இடத்தில் எல்லோரும்தான் இருமுகிறோம். இழுப்பு வந்தால் நீல நிற இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை அடித்துக்கொள்வாள், சரியாகிவிடும். வாரத்துக்கு ஒரு முறை என்றிருந்தது தினம் ஒரு முறை ஆயிற்று, பிறகு நாளைக்கு ஐந்தாறு முறை. வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டு, "செருப்பு வார் சரியில்லடி," என்பாள். நானும் குனிந்து செருப்பைப் பார்ப்பேன். ஒரு நாள் அந்தப் படியிலேயே உதடு நீலம் பூத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் மகனும் நானும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா வயதில் சின்னவர், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. புது இன்ஹேலர் ஒன்றைக் கையில் கொடுத்தார். "இதுல ரெண்டு மருந்து சேந்திருக்கு. ஒண்ணு மூச்சுக் குழாய் உள்ள இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும். இன்னொண்ணு குழாயைத் திறந்தே வச்சிருக்கும். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. இழுப்பு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, விடக்கூடாது. திடீர்னு இழுப்பு வந்தா அதுக்கு நீலம்தான், இது இல்ல."

"நல்லா இருக்கறப்ப எதுக்குங்க மருந்து?" என்றாள் அக்கா.

"நல்லாவே இருக்கணும்ல, அதுக்கு."

இந்தப் பதில் அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. எப்படி இழுப்பது, எப்படிப் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குவது என்று நான்கு முறை செய்துகாட்டச் சொன்னாள். கடைசியாக டாக்டரம்மா, "ஒவ்வொரு தடவையும் எடுத்த பிறகு வாயை நல்லா கொப்பளிச்சுத் துப்பிடணும். மறக்காதீங்க," என்றார். "சரிங்க," என்றாள் அக்கா. அவள் இவ்வளவு பணிவாகச் சரி என்று சொன்னால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் அவள் மகன் பஞ்சாயத்தைக் கூட்டினான். அவன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன், நல்ல பிள்ளை, ஆனால் பயந்தாங்கொள்ளி. "அம்மா, போதும்மா. நான் சம்பாதிக்கிறேன்ல? வீட்டுல உக்காரு."

"உக்காந்து?"

"டிவி பாரு. ரெஸ்ட் எடு."

"டேய், ஒரு ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு நான் சாகணும்னு ஆசைப்படறியா? மூச்சுக் குழாய்லதான் வீக்கம்னு டாக்டர் சொன்னாங்க. மூளையிலன்னு சொல்லல."

அவன் என்னைப் பார்த்தான். "சித்தி, நீங்களாவது சொல்லுங்க." நான் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன். எனக்கு வேறு வேலை இல்லையா?

அக்கம்பக்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அப்புறம் விடவே முடியாது என்று ஒருத்தி வந்து வாசலில் நின்று பயமுறுத்தினாள். "சோறும்தான் பழக்கமாயிடுச்சு, விட்டுடவா?" என்று அக்கா அவளை அனுப்பிவைத்தாள். காலை ஐந்து மணிக்கு இரண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு. ஒரு வேளை தவறவில்லை. மூன்றே வாரத்தில் மாடிப்படியை ஒரே ஓட்டமாக ஏறினாள். நீல இன்ஹேலர் பைக்குள்ளேயே கிடந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்து, சிரித்த பிறகு இருமாமல் இருந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

ஏழாவது வாரம் குரல் கம்மியது.

முதலில் சளி என்று நினைத்தோம். பிறகு உயர்த்திப் பேசினால் குரல் கீறியது, முப்பதுக்கு மேல் எண்ணினால் பிசிறடித்தது. தொண்டையில் எரிச்சல், நாக்கில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பின்வரிசை வியாபாரிகள் "என்னக்கா, எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

சங்கத்துச் செயலாளருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. அந்த ஆளுக்கு ஒரு மச்சான். எந்த வேலையிலும் ஒரு மாதம் தங்காதவன். அவனை எப்படியாவது மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்பது இவருக்கு வெகுநாள் ஆசை. மூன்று நாள் தொடர்ந்து ஆள் வராவிட்டாலோ, குரல் எட்டாவிட்டாலோ மேடையை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. அதை அந்த வாரம் எழுதி நுழைவாயிலில் ஒட்டினார். தற்செயலாம்!

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அக்கா புது இன்ஹேலரை எடுத்து அலமாரியில் வைத்து மூடினாள். "இதுதாண்டி என் தொண்டையைத் தின்னுது. மூச்சைக் குடுத்துட்டுக் குரலைப் பிடுங்கினா நான் என்ன பண்றது? மூச்சு மட்டும் இருந்து மேடையில ஊதிக்காட்டவா?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேப்போமே அக்கா."

"கேட்டா வேலையை விடுன்னு சொல்லுவாங்க. என் பையனுக்கு லட்டு சாப்பிட்ட மாதிரி இருக்கும்."

இரண்டு வாரத்தில் குரல் திரும்பி வந்தது. கணீரென்று, கூரை அதிர. "பாத்தியா?" என்றாள் என்னிடம். என்னத்தைச் சொல்ல? கண்ணுக்கு முன்னால் நடப்பதை எப்படி மறுப்பது? நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

மருந்தை நிறுத்திய நான்காவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதாவது குவியல். மேடைக்குப் பக்கத்திலேயே யாரோ காலிச் சாக்குகளை உதறினார்கள். "நாப்பத்தொண்ணு ஒருதரம், நாப்பத்தொண்ணு ரெண்டு..." என்றவள் 'தரம்' சொல்லவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் ஊசியைப் போட்டுவிட்டு ஏறினேன். நீல இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அடித்தேன், மறுபடி அடித்தேன். கழுத்துக் குழி உள்ளே உள்ளே போயிற்று. வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதை நிறுத்தினால் போய்விடுவாளோ என்று பயம்.

பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா முந்திக்கொண்டாள். "உங்க மருந்து என் குரலைத் தின்னுச்சு. நிறுத்தினேன், குரல் வந்துச்சு. இது உண்மையா பொய்யா, சொல்லுங்க."

"உண்மைதான்," என்றார் டாக்டரம்மா. அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. "வீக்கத்துக்கான மருந்து தொண்டையில படிஞ்சா குரல் கம்மும், நாக்குல வெள்ளை பூக்கும். அதுக்குத்தான் கொப்பளிக்கச் சொன்னேன். கொப்பளிச்சீங்களா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். நான் சொன்னேன், சந்தை வழக்கத்தை, தண்ணீரை, முதல் குவியலை. சொல்லச் சொல்ல எனக்கே உள்ளுக்குள் குன்றிப்போயிற்று. காலையில் எடுத்த மருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் தொண்டையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அந்தத் தொண்டையை வைத்துத்தான் அவள் கத்தியிருக்கிறாள். தினமும் கீழே செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். செம்பை முன்னாலேயே நீட்டத் தோன்றியதா எனக்கு?

"சாயங்காலம்?" என்றார் டாக்டரம்மா.

"காலையில இல்லாதது சாயங்காலம் மட்டும் எதுக்குன்னு விட்டுட்டேன்," என்றாள் அக்கா, மெல்ல.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து இன்ஹேலரை அதன் முனையில் செருகிக்காட்டினார். இதன் வழியாக இழுத்தால் தொண்டையில் படிவது குறையும், இருந்தாலும் கொப்பளித்தே ஆக வேண்டும், மேடைப் பக்கத்தில் சாக்கு உதறக் கூடாது, குரல் மறுபடி கம்மினால் தானாக நிறுத்தாமல் தன்னிடம் வர வேண்டும் என்றார். "வேலையை விடணுமா?" என்று அக்கா கேட்டாள். "நீங்க விடுவீங்களா?" என்றார் அவர். "மாட்டேன்." "அப்ப மருந்தையும் விடாதீங்க."

இதற்குள் சந்தையில் மச்சான் மேடை ஏறிவிட்டான். ஏறினவன் என்ன செய்தான்? ஒரு விலையைச் சொல்லிவிட்டு அடுத்த விலைக்கு விரலை மடக்கினான். இரண்டு பேர் ஒன்றாகக் கேட்டால் இரண்டு பேருக்கும் கொடுத்தான். பத்து மணிக்கு முடிகிற ஏலம் ஒரு மணிக்கும் முடியவில்லை. லாரிகள் சாலை வரைக்கும் நின்றன. பத்தே நாளில் வியாபாரிகள் செயலாளரைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் இறங்கி வந்தார், ஆனால் முழுசாக இறங்கவில்லை. "வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஏறட்டும். முதல் குவியல் குறையில்லாம போனா மேடை அந்தம்மாவுக்கு. தடுமாறுச்சுன்னா என் மச்சான்தான், அப்புறம் யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது," என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் அக்காவிடம் சொன்னேன். "வீட்டுலயே மருந்தை எடுத்துக்கோ, வீட்டுலயே கொப்பளிச்சுக்கோ. வாயைத் துடைச்சுக்கிட்டு வா. எவனுக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேடி."

"ஒரு நாளைக்குத்தானே அக்கா. மேடை கையில வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஒரு நாளைக்கா? தினமும் காலையில எடுக்கணும், உயிர் இருக்கிற வரைக்கும். தினமும் கொப்பளிக்கணும். ஒரு நாள் விலை இறங்கினா, 'நீ தண்ணி தொட்டியா'ன்னு கேப்பான். நான் இல்லன்னு பொய் சொல்லணும். இத்தனை வருஷம் அங்க நின்னு ஒரு விலையைக்கூட மாத்திச் சொன்னதில்ல நான். வாய் கழுவினதுக்கா பொய் சொல்லப் போறேன்? போடி!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்ப மேடை போகட்டும், அதானே?" என்று கத்திவிட்டுப் படியிறங்கிப் போனேன். மறுநாள் விடிந்ததும் அவளுக்கு முன்னால் சந்தையில் நின்றதும் நான்தான்.

அவள் மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். அன்றைக்கு லீவு போட்டிருந்தான். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக வந்தவன் மாதிரி வண்டியை அணைக்காமலே நின்றான். அக்கா நேராக வந்து மேடை ஏறினாள். ஏறியதும் முதல் வேலையாக, "சாக்கு உதறுறவங்க எல்லாம் பின்வாசலுக்குப் போங்க. இனிமே அங்கதான்," என்றாள். போனார்கள். பிறகு பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தாள், இன்ஹேலரைக் குலுக்கிச் செருகினாள். முன்வரிசை எட்டிப் பார்த்தது. "என்னது அது, ஊதுகுழலா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

அவள் மூச்சை வெளியே விட்டாள், ஒரு தடவை அமுக்கினாள், மெதுவாக உள்ளே இழுத்தாள். பத்து எண்ணும்வரை அடக்கினாள். அந்தச் சந்தையில் ஏலம் நடக்கிற நேரத்தில் பத்து நொடி அமைதியை நான் கேட்டதே இல்லை. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது தடவையும் அப்படியே. பிறகு கீழே குனிந்து என்னிடம் கையை நீட்டினாள். "செம்பைக் குடு."

கொடுத்தேன்.

இருநூறு பேர் பார்க்க வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, கழுத்தை அண்ணாந்து, கடகடவென்று கொப்பளித்தாள். மேடைக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் துப்பினாள். மறுபடி ஒரு வாய், மறுபடி துப்பல். கூட்டம் சலசலத்தது. "முதல் குவியல் போகலையே!" என்று ஒருவர் பதறினார். செயலாளர் கையைத் தூக்கினார். "பாத்தீங்களா, எல்லாரும் பாத்தீங்களா! வழக்கத்தை மிதிச்சாச்சு. விலை விழுந்தா யார் பொறுப்பு?"

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தாள். "எனக்கு நெஞ்சுல நோய். அதுக்கு மருந்து இது. மருந்து எடுத்தா வாயைக் கழுவணும், கழுவலன்னா குரல் போயிடும், மருந்து எடுக்கலன்னா உயிரே போயிடும். ரெண்டையும் நீங்க இங்கயே பாத்துட்டீங்க. இனிமே தினமும் கழுவுவேன். என் வாய் வேணும்னா கழுவின வாய்தான் கிடைக்கும். முதல் குவியல், பெரிய வெங்காயம், புது சரக்கு. முப்பது! கேக்கறவங்க கேளுங்க."

யாரும் கேட்கவில்லை.

"முப்பது!" குரல் கூரையில் பட்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போயிற்று, ஒரு கீறல் இல்லை. இருந்தும் வாய் திறக்க ஆளில்லை. எல்லோரும் தரையையும் செயலாளரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் மகன் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்தான்.

அக்கா விலையைக் குறைத்தாள். "இருபத்தஞ்சு." அமைதி. "இருபது." அந்தச் சரக்குக்கு இருபது என்பது அநியாயம், கொள்ளை. அவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இருபது ஒருதரம். இருபது ரெண்டுதரம்..."

"இருபது!" என்று ஒரு குரல். ஓட்டல்களுக்குச் சரக்கு எடுக்கிற தடியர், தம்மை யாரும் பார்க்காதது போல் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அவ்வளவுதான். அவருக்கு இருபதுக்குப் போவதா என்று பக்கத்தில் நின்றவருக்கு வயிறு எரிந்தது. "இருபத்தொண்ணு!" "இருபத்திநாலு!" "ஏய், நான் முன்னாலயே கை தூக்கினேன்!" முப்பது தாண்டியது, முப்பத்தைந்து தாண்டியது. வழக்கமாவது ஒன்றாவது! அக்காவின் குரல் எல்லோருக்கும் மேலே ஏறி ஏறிப் போயிற்று. "நாப்பத்திரண்டு ஒருதரம், நாப்பத்திரண்டு ரெண்டுதரம், நாப்பத்திரண்டு மூணுதரம்! தூக்கு!"

அந்த வாரத்தில் எந்த முதல் குவியலும் நாற்பதைத் தொட்டிருக்கவில்லை. நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மறுநாள் முப்பத்தாறுக்குத்தான் போயிற்று. விலை தன் பாட்டுக்கு ஏறும், இறங்கும். ஆனால் அன்றைக்கு நான் மூட்டை தைப்பதை விட்டுவிட்டு விசில் அடித்தேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரி, விசில். அவள் மகன் என்னைப் பார்த்து முதலில் வெட்கப்பட்டான், பிறகு கைதட்டினான்.

செயலாளர் மேடைப் பக்கம் வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இன்னைக்கு சரி. இதை நாளைக்கும் எல்லார் முன்னாடியும் பண்ணுவேன்னு அடம் பிடிச்சா சங்கம் கூடி யோசிக்க வேண்டியிருக்கும்மா."

"கூடி யோசிங்க," என்றாள் அக்கா. "நல்லா நிதானமா யோசிங்க. அதுவரைக்கும் கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க, நாளைக்கு நான் துப்பறது உங்க மேல பட்டுடப் போகுது." பிறகு அவருக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "ரெண்டாவது குவியல்!"